அட்மின் இருக்கீங்களா?

காலை ஆறரை மணி. அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வருபவர் முருகன். வேல், மயில், கீழே பொன்னெழுத்தில் காலை வணக்கம். அடுத்த நிமிடம் மூன்றாவது மாடியிலிருந்து, ‘தண்ணி வரல.’ அதன் கீழே ரோஜாப்பூவோடு இன்னொரு வணக்கம். ‘சி பிளாக்லயும் வரல.’ ‘மோட்டார் ரிப்பேரா?’ ‘லாரிக்குச் சொல்லியாச்சா?’ இதற்கு நடுவே ஒன்பது நிமிட வீடியோ ஒன்று: கல்லீரலைக் கழுவிவிடும் கீரை. ‘கேட் முன்னாடி நிக்கிற வெள்ளை கார் யாருது? ஸ்கூல் வேன் உள்ளே வர முடியல.’ நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். காருக்கா, கீரைக்கா, தண்ணீர் வராததற்கா என்பது அவர்களுக்கே வெளிச்சம். கடைசியில் யாரோ பொறுமை இழந்து கேட்கிறார்: ‘அட்மின் இருக்கீங்களா?’

இருக்கிறார். ம்யூட் போட்டுவிட்டு இருக்கிறார்.

அடுக்ககம், குடும்பம், அலுவலகம், பிள்ளையின் வகுப்பு, பிளஸ் டூவில் கூடப் படித்தவர்கள், பார்க்கில் நடப்பவர்கள், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி என்று ஒரு நடுவயதுத் தமிழரின் போனில் இன்று எத்தனை குரூப்கள் இருக்கின்றன என்று அவரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அவற்றில் பாதி எதற்குத் தொடங்கப்பட்டவை என்று கேட்டால் யோசித்தும் சொல்ல மாட்டார். ஒரு குரூப்பைத் தொடங்க ஒரு நிமிடம் போதும். பேர் வை, ஆளைச் சேர், முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே அடுக்ககத்தின் சங்கத்தைப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. துணை விதிகள் எழுத வேண்டும், செயலாளர், பொருளாளர் வேண்டும், ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட வேண்டும், நடந்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கத்தின் அன்றாட வேலை முழுக்க இன்று நடப்பதோ, ஒரு விதியும் இல்லாத அந்தப் பச்சை நிறச் செயலியில்.

குரூப் கெட்டுப்போனதும் நாம் திட்டுவது குட்மார்னிங் அனுப்புகிறவரை. அவர் பாவம். எதற்காக இந்தக் குரூப், எப்போது இதை மூடுவோம் என்ற இரண்டையும் தொடங்கிய அன்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

நூறு பேர், ஆயிரம் பேர்

ஜான் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் வாட்ஸ்அப்பைத் தொடங்கியது 2009-இல். 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் ஒரு குரூப்பில் 100 பேர் வரை சேரலாம் என்ற நிலை வந்தது. 2016 பிப்ரவரியில் அது 256 ஆனது. 2022-இன் நடுவில் 512, அதே ஆண்டு முடிவதற்குள் 1,024. டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை சேர்க்கலாம். 256, 512, 1,024 என்று இரண்டின் அடுக்குகளாக ஏறும் எண்கள் கணிப்பொறிக்குச் சௌகரியம். மனிதர்கள் விஷயம் வேறு. ஆயிரம் பேர் கூடியிருக்கும் கல்யாண மண்டபத்தில் எல்லோர் கையிலும் மைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிறது.

சிலர் செயலியை மாற்றிப் பார்க்கிறார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலிக்குக் கூட்டம் அலைமோதியது. நம்மூர் தயாரிப்பு என்ற பெருமை நியாயமானதே. ஆனால் செயலி மாறினாலும் சித்தப்பா மாற மாட்டார். அங்கேயும் காலை ஆறரைக்கு முருகன் வருவார்.

ஆகவே, எண்ணிக்கை பெருகும் இடத்தில் மைக்கை வாங்கி வைப்பதே முதல் வேலை. அட்மின்கள் மட்டும் மெசேஜ் அனுப்பலாம் என்ற ஏற்பாடு 2018-இல் வந்துவிட்டது. 2022 நவம்பரில் வந்த ‘கம்யூனிட்டி’ வசதி அதைவிடத் தோதானது. ஒரே குடையின் கீழ் பல குரூப்கள், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புப் பலகை. பலகையில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். அடுக்ககத்துக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ‘பி பிளாக் அறிவிப்பு’ என்று ஒன்று. தண்ணீர் வரும் நேரம், லிஃப்ட் பராமரிப்பு, பராமரிப்புக் கட்டணத்தின் கடைசித் தேதி, இவ்வளவே அதில் வரும். ‘பி பிளாக் திண்ணை’ என்று இன்னொன்று. முருகன், கீரை, அரசியல், ஐபிஎல் எல்லாம் அங்கே. திண்ணையை ம்யூட் செய்பவரை யாரும் கோபிக்கக் கூடாது. அறிவிப்பை ம்யூட் செய்தவர், ‘தண்ணி வராதுன்னு எனக்கு யாருமே சொல்லலியே’ என்று சண்டைக்கு வரக் கூடாது.

புகார்களை இரண்டிலுமே போடக் கூடாது என்பது என் கட்சி. ஒழுகும் குழாய்க்கு நோட்டும் செயலாளரின் போனும் போதும். இருநூறு பேர் முன்னால் வைக்கப்பட்ட புகார், குழாயை விட்டுவிட்டுச் செயலாளரின் மானத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. அப்புறம் பிளம்பர் வந்தாலும் சண்டை நிற்காது.

யார் அட்மின் என்பதில் பல இடங்களில் ஒரு பழைய பிழை ஒளிந்திருக்கிறது. பிளாட் விற்றபோது கட்டுநர் அலுவலகத்து ஊழியர் ஒருவர் தொடங்கிய குரூப்பே பிற்பாடு குடியிருப்போர் குரூப்பாகத் தொடர்ந்திருக்கும். ஒரு குரூப்பை உருவாக்கியவரை மற்ற அட்மின்கள் வெளியேற்ற முடியாது. அவராகப் போனால்தான் உண்டு. மாடி ஒழுகுவதற்குக் கட்டுநர் மேல் வழக்குப் போடலாமா என்று நீங்கள் விடிய விடிய விவாதிப்பதை அவரும் வாசித்துக்கொண்டிருப்பார். இதற்கு மருந்து, புதுக் குரூப். சங்கத் தேர்தல் முடிந்த அன்றே அட்மின் பொறுப்பும் கைமாற வேண்டும். முன்னாள் செயலாளர் சாவியை ஒப்படைத்துவிட்டு அட்மின் பதவியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதால் வரும் பூசல்கள் கொஞ்சமல்ல. ஒருவர் மட்டும் அட்மினாக இருப்பதும் ஆபத்து. அவர் போன் தொலைந்தால் போச்சு. எல்லா அட்மின்களும் வெளியேறிவிட்டால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரைச் செயலியே அட்மின் ஆக்கிவிடும். குருட்டாம்போக்கில் கிடைக்கும் அந்தப் பதவி யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

அழைப்பு லிங்க் பற்றி ஒரு வார்த்தை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய லிங்க், யாரோ போட்டோ எடுக்க, ஊர் முழுக்கப் போகும். அதை அவ்வப்போது ரீசெட் செய்யலாம். புதிதாகச் சேர்பவரை அட்மின் அனுமதித்த பிறகே உள்ளே விடும்படியும் வைக்கலாம். குரூப்பில் கால் வைத்த அந்தக் கணமே நம் எண் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை ஆண் அட்மின்கள் சுலபத்தில் உணர்வதில்லை. ‘குரூப்பில் பார்த்தேன், சும்மா ஹாய் சொல்லலாம்னு’ என்று தொடங்கும் தனி மெசேஜ்களை எத்தனையோ பேர் சத்தமில்லாமல் பிளாக் செய்துகொண்டிருக்கிறார்கள். தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று முடிவு செய்யும் வசதி 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. கம்யூனிட்டியின் அறிவிப்புப் பலகையிலோ உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அடுக்ககங்கள் அதற்கு மாற இந்த ஒரு காரணமே போதும்.

சம்பந்தி வீட்டு குரூப்

அடுக்ககத்தில் விதி போடலாம். குடும்பத்தில் போட முடியுமா?

நிச்சயதார்த்தம் முடிந்த இரவே கல்யாணக் குரூப் பிறந்துவிடும். பெண்ணின் அண்ணனோ சித்தி மகளோ அட்மின். முதல் சிக்கல், யாரை எந்த வரிசையில் சேர்ப்பது. மாமாவைச் சேர்த்த அரை மணி கழித்துத்தான் பெரியப்பாவைச் சேர்த்தார்கள் என்பது பந்தியில் பேச்சாகும். ‘என்னை விட்டுட்டு அவன் மச்சினன் வரைக்கும் சேர்த்திருக்காங்க.’ அதனால் அனுபவம் உள்ள வீடுகளில் முதலில் மூத்தவர்களுக்குப் போன் செய்து, ‘பெரியப்பா, குரூப் ஒண்ணு ஆரம்பிக்கிறோம், உங்களைச் சேர்க்கட்டுமா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். பத்திரிகை வைக்கப் போகும் மரியாதையின் சிறிய வடிவம் அது.

இரண்டாவது சிக்கல் பெரிது. இரண்டு வீட்டாரையும் ஒரே குரூப்பில் போடுவது. போடவே கூடாது என்பேன். மூன்று குரூப் வேண்டும்: பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பொதுவில் தேதி, மண்டபத்தின் வரைபட லிங்க், ரயில் நேரம், படங்கள் மட்டும். சமையல்காரரின் ரேட், யாருக்கு எத்தனை பவுன், அறை ஒதுக்கீடு எல்லாம் உள்வீட்டு விஷயம். பொதுக் குரூப் என்று தெரியாமல் ‘அவங்க பக்கம் சொன்னதுக்கு மேல அம்பது பேர் வருவாங்க, எழுதி வச்சுக்கோ’ என்று பெண்ணின் தாய்மாமா ஒருமுறை தட்டிவிட்டால் போதும். உடனே டெலிட் செய்வார். ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்ற சாம்பல் வரி அங்கேயே நிற்கும். அதை மாப்பிள்ளையின் அத்தைகள் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார்கள்.

அனைவருக்குமாக நீக்கும் வசதி 2017-இல் வந்தபோது அவகாசம் ஏழே நிமிடம். இப்போது இரண்டு நாளுக்கும் மேல். 2023 மே முதல், அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தவும் முடிகிறது. 2022 முதல் அட்மினே மற்றவர் போட்டதை எல்லோருக்குமாக நீக்கலாம். ஆனால் நீக்கியது இன்ன அட்மின் என்று பெயர் தெரியும். மாப்பிள்ளையின் பெரிய மாமனார் போட்ட மெசேஜை மைத்துனன் நீக்கினான் என்ற வரலாறு குடும்பத்தில் எத்தனை தீபாவளிக்கு ஓடும் என்று யோசித்துவிட்டுக் கையை வையுங்கள்.

வெளியேறுவதும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒருவர் வெளியேறினால் எல்லோர் திரையிலும் அறிவிப்பு வரும். ‘கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்’ என்று உடனே பொருள் சொல்வார்கள். 2022 ஆகஸ்டில் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு அட்மின்களுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனாலும் 60 நாளுக்குள் விலகியவர் யார் என்ற பட்டியலை உறுப்பினர் எவரும் திறந்து பார்க்கலாம். திறந்து பார்க்கிற சித்தி எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சண்டை வேண்டாம் என்றால் ‘எப்போதும்’ என்று ம்யூட் செய்து, ஆர்க்கைவில் தள்ளிவிட்டு, வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவது சாத்தியமான சமாதானம்.

வதந்தியும் வழக்கும்

இதுவரை சொன்னது சிரிக்கக் கூடிய பக்கம்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. அறுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இறந்தார். அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்திக்கு ஐந்து பேர் பலியானார்கள். அந்த மாதமே இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமும் கொடுத்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் அதே ஐந்து. பலமுறை ஃபார்வேர்ட் ஆனவற்றை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கினார்கள். அதனால் அத்தகைய மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது.

குறைந்தது, நிற்கவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்ப, பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்தது. பொய் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதே வீடியோக்கள் அடுத்த குரூப்புக்குப் போய்க்கொண்டிருந்தன.

2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் மெசேஜ்கள் இருமுனை மறையாக்கத்தில் போகின்றன. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர, நிறுவனம்கூட அவற்றைப் படிக்க முடியாது. யாராவது புகார் அளித்தால் மட்டும் கடைசி ஐந்து மெசேஜ்கள் நிறுவனத்துக்குப் போகும். இந்த ரகசியம் நல்லது, வேண்டியதும்கூட. ஆனால் குரூப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க ஆள் இல்லை என்றும் அதற்குப் பொருள். உள்ளே இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மற்றவர் போட்டதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போவாரா? ஊரில் பாதிப் பேர் ஆமாம் என்றே நம்புகிறார்கள். 2017-இல் வாராணசி மாவட்ட நிர்வாகம் அட்மினைப் பொறுப்பாளியாக்கி உத்தரவே போட்டது. நீதிமன்றங்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கின்றன. அவதூறுக்கு அட்மினைப் பிடிப்பது, நாளிதழில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பதுபோல் என்று 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கருதியது. ஓர் உறுப்பினர் இன்னொரு பெண் உறுப்பினரைக் கேவலமாகப் பேசியபோது அவரை நீக்காமல் விட்டார் என்று ஓர் அட்மின் மேல் போட்ட வழக்கை பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சில் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில், வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரை இறுதி அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும் அதே வழியில் சென்றது.

இதைப் படித்து அட்மின்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். ஆனால் நாக்பூர் தீர்ப்பு எதில் நின்றது என்று பாருங்கள்: ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அட்மினுக்கு அதிகாரமில்லை, ஒருவர் போடப்போவதை முன்கூட்டித் தடுக்க அவரால் முடியாது. முன்கூட்டித் தடுக்க இன்றும் முடியாதுதான். போட்டதை நீக்கும் அதிகாரம் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இனி ஒரு வழக்கில் நீதிமன்றம் என்ன சொல்லும் என்று ஊகிக்க நான் வக்கீல் இல்லை. ஆனால் பெண்ணை இழிவுபடுத்தும் ஒரு வரி காலை முதல் மாலை வரை குரூப்பில் கிடந்ததென்றால், ‘நான் பார்க்கல’ என்ற பதில் முன்புபோல் எடுபடாது.

நீக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. வதந்தியைப் போட்ட மாமாவை எல்லோர் முன்னாலும் ‘ஃபேக்’ என்றால் அவர் அதை மெய்ப்பிக்க இன்னும் நான்கு போடுவார். தனியாகப் போய், ‘மாமா, இது பழைய வீடியோ மாதிரி இருக்கு, நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லது’ என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். பண மோசடியில் மட்டும் இந்த நாசூக்கு வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் வந்தால் அட்மின் அந்த நிமிடமே நீக்கிவிட்டு, அனுப்பியவருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் போன் ஏற்கெனவே வேறொருவன் கையில் இருக்கலாம். பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930.

வெள்ளத்தில் மிதந்த மெசேஜ்

குரூப்களைப் பற்றி இவ்வளவு குறை சொல்லிவிட்டு 2015 டிசம்பரைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். சென்னை மூழ்கியபோது படகு எங்கே, பால் பாக்கெட் எங்கே, எந்த மாடியில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதெல்லாம் குரூப்களின் வழியாகத்தான் ஓடியது. அன்று ஒரு குரூப்பில் 100 பேருக்கு மேல் இடமில்லை. நிறைந்ததும் அடுத்ததைத் திறந்தார்கள். தொண்டர்களைத் திணறடித்ததும் அதே மெசேஜ்கள்தான். தேதியும் நேரமும் இல்லாமல் எழுதப்பட்டதால், மீட்கப்பட்டு உறவினர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவருக்காக மறுநாளும் உதவி கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. தலைப்பில் தேதி, நேரம், இடம். உதவி கிடைத்ததும் அதே மெசேஜுக்குப் பதிலாக ‘முடிந்தது’. இதைவிட உபயோகமான ஒழுங்கு பேரிடர் குரூப்புக்கு வேறில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கதை வேறாக இருந்தது. மின்சாரம் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. ஆயிரம் பேர் கொண்ட குரூப் இருந்தும் எதிர்வீட்டு எண் யாருக்கும் மனப்பாடமில்லை. முக்கியமான எண்களைத் தாளில் அச்சடித்து லிஃப்ட் அருகே ஒட்டி வைப்பதும் அட்மின் வேலையே.

இன்னும் பேசாமல் விட்ட பள்ளி வகுப்புக் குரூப்பை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ஆசிரியர் மட்டும் எழுதட்டும், இரவு ஏழு மணிக்கு மேல் அவரும் எழுத வேண்டாம், பெற்றோர் ‘ஓகே மிஸ்’ என்று நாற்பது முறை சொல்ல வேண்டாம். சுற்றுலாவுக்கு வருகிறார்களா என்று கேட்க ‘போல்’ இருக்கிறது.

மூடுவது எப்படி

தொடங்கும்போதே முடிவுத் தேதியைக் குரூப்பின் விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ‘கும்பாபிஷேகம் முடிந்து 48-ஆம் நாள் மண்டலாபிஷேகத்தோடு இந்தக் குரூப் நிறைவு.’ அப்படி எழுதியிருந்தால் மூடும் நாளில் யாருக்கும் மனத்தாங்கல் இராது. முதலில் வரவு செலவுக் கணக்கைப் போட வேண்டும். வசூல் நடந்த குரூப்பைக் கணக்குப் போடாமல் மூடினால் ஊர் வாயை மூட முடியாது. பிறகு படங்களை ஓரிடத்தில் சேர்த்து அதன் லிங்க்கைப் போட்டு, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ள ஒரு வாரம் கொடுக்கலாம். பழைய பேச்சு தேவைப்படும் என்றால் செயலாளர் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி, நன்றி சொல்லி, எல்லோரையும் ஒவ்வொருவராக விடுவித்துவிட்டுக் கடைசியில் தானும் கிளம்ப வேண்டும்.

கல்யாணக் குரூப் என்றால் மறுவீடு முடிந்து ஒரு மாதம் போதும். அப்போதும் மாப்பிள்ளை பக்கத்து அத்தை ஒருவர், ‘ஏன்ப்பா மூடறீங்க, நல்லாத்தானே போயிட்டிருக்கு’ என்பார். வாதாட வேண்டாம். அவரை அட்மின் ஆக்கிவிட்டு நீங்கள் வெளியேறிவிடலாம்.